பாரிஸ் சாந்தச்சும் பிசின் வார்ப்பும்

கி. பி. 79ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து வெசூவியஸ் எரிமலை பொங்கியெழுந்து பொம்பேயி முதலிய நகரங்களைச் சாம்பலால் மூடிய செய்தியைச் சரித்திரம் பயின்றார் யாவரும் அறிவர். சாம்பலிற் புதையுண்ட மாந்தரின் உடல்கள் காலப்போக்கில் அழிந்தொழிந்தன. அவை கிடந்த இடம் மட்டும், இறுகிய சாம்பலினுள்ளே மனித உருவங் கொண்ட வெற்றிடமாய் எஞ்சிற்று. 1863ஆம் ஆண்டில் ஆங்கு அகழ்வு வேலைக்குத் தலைவராயிருந்த ஜுசெப்பே ஃபியொரெல்லி என்பார் அவ்வெற்றிடங்களிற் பாரிஸ் சாந்தைக் கரைத்து வார்த்து, இறுகியபின் சுற்றிலுமுள்ள சாம்பலை அகற்றி, மாண்டாருடைய கடைசி நிலையை உலகிற்குக் காட்டினார். ஆயினும் சாந்து ஒளி புகாத பொருளாதலின், உள்ளே கிடந்த எலும்பும் அணியும் அதனுள் மறைந்து போயின. 1984ஆம் ஆண்டில், பொம்பேயிக்கு அண்மையிலுள்ள ஒப்லோன்டிஸ் என்னுமிடத்தில் ஒரு பெண்ணின் உருவத்திற்கு வேறொரு வழி கையாளப்பட்டது. வெற்றிடத்தில் முதற்கண் மெழுகை வார்த்தனர். அம்மெழுகுருவைப் பாரிஸ் சாந்தாற் பொதிந்தனர். மெழுகை உருக்கி வெளியேற்றி, அச்சாந்தச்சினுள் கண்ணாடி போலத் தெளிந்த எபாக்சிப் பிசினை வார்த்தனர். அவ்வுருவினுள்ளே அப்பெண்ணின் எலும்புகளும் அவள் உடன்கொண்ட அணிகலன்களும் தெரிகின்றன.

இம்முறையின் இறுதிப் படியை நாம் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெற்றிடம் ஒன்றே, மெழுகுருவும் ஒன்றே. அச்சினின்றும் வார்ப்புப் பிரியும் வேளையிற் பிசின் சாந்தைப் பற்றிக்கொண்டிருக்குமாயின், ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டு காத்திருந்த ஓருருவம் சில நிமிடங்களில் உருக்குலைந்து போகும். மீண்டும் வார்ப்பதற்கு யாதொன்றுமில்லை. அத்துணைப் பெரிய காரியம் நம்மில் எவர்க்கும் நேரிடுதல் அரிது. ஆயின் கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்குக் குடில் அமைப்போரும், பரிசுக் கேடயம் செய்வோரும், விலங்கியற் கூடத்திற்கு மாதிரியுருவம் வார்ப்போரும் சிறிய அளவில் இதே இடரை எதிர்கொள்கின்றனர். பல நாள் பாடுபட்டுச் செய்த அச்சும் வார்ப்பும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கல்லாய் நிற்கக் கண்டு வருந்தினார் பலர். அவ்விடர் வாராமற் காப்பது எங்ஙனம் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பாரிஸ் சாந்தின் இயல்பை அறியாதார்க்கு இதன் காரணம் விளங்காது. அது ஜிப்சம் என்னும் கனிப்பொருளினின்றும் ஆக்கப்படுவது. நம் சித்த மருத்துவ நூலார் கற்பூர சிலாசத்து என வழங்குவதும் இக்கனிப்பொருளே. திருச்சிராப்பள்ளிப் பக்கத்துப் பூமியிலும் இது கிடைக்கின்றது. பாரிஸ் நகரத்து மொன்மார்த்ர் குன்றில் இது மிகுதியாய் வெட்டியெடுக்கப்பட்டமையாற் சாந்துக்கு அந்நகரின் பெயர் வாய்த்தது. ஜிப்சத்தை ஏறக்குறைய 150 பாகை சென்டிகிரேடு வரை சூடேற்றினால், அதனுள் அடங்கிய நீரில் முக்காற் பங்கு ஆவியாய் நீங்கி வெண்பொடி எஞ்சும். அப்பொடியோடு நீர் சேர்ப்பின், இழந்த நீரை மீண்டும் ஏற்றுப் பழையபடி ஜிப்சமாகும். பின்னாளில் இரசாயன நூலுக்குத் தந்தையெனப் பெற்ற லவாய்சியே, 1765ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் முன் வைத்த முதற் கட்டுரை இந்த ஜிப்சத்தைப் பற்றியதே. பின்னர் 1880களில் லெ ஷாத்தெலியே என்பார், கரைந்த பொடி நுண்ணிய ஊசிப் படிகங்களாய் மீள்வதையும், அவ்வூசிகள் ஒன்றோடொன்று பின்னிக் கொள்ளுதலே இறுகுதற்குக் காரணமாவதையும் விளக்கினார்.

ஈண்டுக் கருதத்தக்கது நீரின் கணக்கு. நூறு கிராம் பொடி மீண்டும் ஜிப்சமாதற்கு வேண்டும் நீர் ஏறக்குறைய 19 கிராமே. ஆனால் அவ்வளவு நீரிற் குழைத்தால் அது வார்க்கத்தக்க குழம்பாகாது. ஆதலின் 60 முதல் 70 கிராம் வரை நீர் சேர்த்தல் வழக்கம். மிகை நீரெல்லாம் ஊசிகளுக்கிடையே தங்கிப் பின்னர் உலர்ந்து போக, அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாய் நிற்கும். உலர்ந்த அச்சின் கனவளவில் பாதிக்குச் சற்றே குறைந்த பகுதி வெறும் வெற்றிடம் என்றால் நம்புதல் அரிது. ஆயினும் கணக்கு அவ்வாறே காட்டுகின்றது. கண்ணுக்கு வழுவழுப்பாய்த் தோன்றும் சாந்தின் முகம் உண்மையில் ஒரு பஞ்சு.

இனி, பிசினின் இயல்பைக் காண்போம். பாலியெஸ்டர், எபாக்சி என இருவகைப் பிசின்கள் வார்ப்பு வேலையில் மிகுதியாய் வழங்குகின்றன. முன்னையதில் கிரியை தூண்டும் துளிகளையும், பின்னையதில் ஹார்ட்னர் என்னும் கூட்டுப்பொருளையும் கலந்தவுடன், நீர்மமாயிருந்த பிசின் வெப்பத்தைக் கக்கிக்கொண்டு மெல்ல இறுகிக் கல்லாகின்றது. எபாக்சி வகை 1946ஆம் ஆண்டில் சுவிட்ஜர்லாந்து தேசத்தில் அரால்டைட் என்னும் பெயரோடு கடைக்கு வந்தபொழுது, வார்ப்பதற்காகவன்று, உலோகத்தை உலோகத்தோடு ஒட்டுதற்கான பசையாகவே புகழ் பெற்றது. இவ்வொன்றை நினைவிற் கொண்டால் மற்றெல்லாம் தாமே விளங்கும். வலிய பசையொன்றைப் பஞ்சு போன்ற பொருளிற் பல நாழிகை ஊறவிட்டு, பின்பு அது தானே பிரிந்து வரும் என எதிர்பார்த்தல் பேதைமையன்றோ! பிசின் துளைகளிற் புகுந்து ஆங்கே இறுகுமாயின், ஒவ்வொரு துளையும் ஓர் ஆணியாகும். அதன்பின் உளியன்றி வேறு துணையில்லை.

நம் வீட்டுப் பெண்டிர் இவ்வுண்மையை எந்த நூலும் பயிலாது அறிவர். புதிய தோசைக்கல்லில் மாவை வார்த்தால் ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பன்முறை பழக்கிய கல்லிலோ தோசை தானே எழும்பி வரும். கல்லைப் பழக்குதல் ஒன்று, ஒவ்வொரு தோசைக்கும் எண்ணெய் விடுதல் மற்றொன்று. பழக்காத கல்லில் எண்ணெயைக் கொட்டினும் பயனில்லை. பழகிய கல்லாயினும் எண்ணெயின்றி வார்ப்பார் இல்லை. சாந்தச்சிலும் இவ்விரு தொழில்களும் தனித்தனியே செய்யற்பாலன. துளைகளை அடைப்பது வேறு. பிரிபடலம் இடுவது வேறு. முதன்முறை வார்ப்போர் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி, அச்சில் வாஸ்லினை ஒருமுறை தடவி அமைகின்றனர். வாஸ்லின் துளைகளிற் பாதி இறங்கிவிட, முகத்தில் எஞ்சுவது ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் இன்றியும் நிற்கும்; மிகுந்த இடத்தில் வார்ப்பின் முகம் தூரிகைக் கோடு பட்டுக் கெடும், இல்லாத இடத்தில் ஒட்டும்.

இவ்விரண்டிற்கும் முந்திய காரியம் ஒன்றுண்டு. அஃது அச்சின் வடிவம். எத்துணைச் சிறந்த படலமிட்டாலும் உருவம் வெளிவர வழியில்லாத அச்சினின்றும் வார்ப்பு வாராது. உதாரணமாக, குடிலில் வைக்கும் ஒரு சாணளவான மேய்ப்பன் உருவத்தை எடுத்துக்கொள்வோம். அவன் கையிற் கோலுண்டு. கோலுக்கும் உடலுக்கும் இடையே இடைவெளியுண்டு. அங்கியின் மடிப்புகள் சில உள்நோக்கிக் குடைந்து செல்லும். சாந்து இவ்வுட்குடைவுகளிற் புகுந்து இறுகினால், கொக்கி போல நின்று வார்ப்பைத் தடுக்கும். அறிந்த தொழிலாளர் கோலைத் தனியே வார்த்துப் பின்பு பொருத்துவர். மடிப்புகளைக் களிமண்ணால் ஒரு சிறிதளவு நிரப்பிச் சாய்வு தருவர். அச்சின் சுவர்கள் வாய்ப்பக்கம் இரண்டு மூன்று பாகையளவு விரிந்திருப்பினும் போதும். வார்ப்பு ஒரு மயிரிழை அசைந்தவுடன் எல்லாப் பக்கமும் விடுபட்டுவிடும். செங்குத்தாய் நிற்கும் சுவரோ கடைசி வரை உராய்ந்துகொண்டே வரும். உட்குடைவு தவிர்க்கலாகாத உருவங்களுக்கு அச்சைப் பல துண்டுகளாய்ச் செய்து, அவை விலகாதபடி பொருத்துக் குழிகள் இட்டு, வெளியே மற்றொரு சாந்துக் கூட்டால் அணைத்துக் கொள்ளுதல் ஐரோப்பியச் சிற்பக்கூடங்களின் பழைய வழக்கம்.

ஒரே ஒரு வார்ப்பு வேண்டுவார்க்கு மற்றொரு வழியுமுண்டு, அச்சையே உடைத்தெறிதல். அச்சின் முதற் பூச்சு மெல்லியதாய் நீலமோ வேறு நிறமோ கலந்த சாந்தாய் இருக்கும். அதன் மேல் வெண்சாந்து தடிப்பாய் இடப்படும். வார்ப்பு இறுகியபின் வெண்சாந்தை அச்சமின்றித் தட்டி உடைப்பர். நிறம் தென்பட்டவுடன், உருவம் அருகிலுள்ளது, கையை அடக்குக என்பது குறிப்பு. இத்தகைய சிறு சூழ்ச்சியில் அடங்கிய அறிவு நம்மைப் பெரிதும் மகிழ்விக்கின்றது.

பிசின் இறுகும்பொழுது சுருங்கும் என்பதையும் வடிவம் அமைக்குங்கால் எண்ணுதல் வேண்டும். பாலியெஸ்டர் வகையின் சுருக்கம் கனவளவில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு வரை இருக்கும். எபாக்சியின் சுருக்கம் மிகக் குறைவு. கிண்ணம் போன்ற அச்சில் இச்சுருக்கம் நமக்கு நண்பன். வார்ப்புச் சுவரை விட்டுத் தானே விலகும். ஆனால் அச்சின் நடுவே ஒரு முளை எழுந்து நிற்குமாயின், சுருங்கும் பிசின் அம்முளையை இறுகத் தழுவிக்கொள்ளும். ஒரே குணம் ஓரிடத்தில் உதவியும் ஓரிடத்தில் பகையுமாகின்றது. ஆதலின் முளைகளுக்குச் சாய்வு இன்னும் மிகுதியாய் வேண்டும்.

சாந்து குழைக்கும் முறையைப் பற்றி மிகுதியும் கூறவேண்டுவதில்லை. நீரிற் பொடியைத் தூவுதல் வேண்டுமேயன்றிப் பொடியில் நீரை ஊற்றலாகாது. தூவிய பொடி நீர் மட்டத்தின் மேல் சிறு தீவுகள் போல நிற்கும் அளவில் நிறுத்தி, ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, காற்றுப் புகாதபடி மெல்லக் கலக்குதல் வேண்டும். ஆயினும் ஓர் எச்சரிக்கை. இறுகும் சாந்தினுள் கையை வைத்துக் கையுருவம் எடுக்க ஒருபோதும் முயலற்க. 2007ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்துப் பள்ளி மாணவி ஒருத்தி அவ்வாறு செய்து, சாந்தின் வெப்பத்தால் தன் விரல்களிற் பெரும்பாலானவற்றை இழந்தாள். சாந்து இறுகுகையில் வெளிப்படும் சூட்டினின்று, கல்லுக்குள் அகப்பட்ட கையை விடுவித்தல் இயலாது.

அச்சு இறுகிவிட்டது, இனி உலர்த்துதல். இங்கேதான் நம்மவர் பெரிதும் அவசரப்படுகின்றனர். ஒரு நாளில் அச்சின் புறம் உலர்ந்ததுபோல் தோன்றும். அகத்திலோ நீர் நிறைந்திருக்கும். அந்நிலையில் அரக்கைப் பூசினால் அது வெண்மையாய்ப் பூத்து உரிந்து வரும். அரக்குப் பற்றிக்கொண்டாலும், பிசின் இறுகுங்கால் எழும் வெப்பத்தால் அடைபட்ட நீர் ஆவியாகிப் படலத்தைத் துளைத்து, வார்ப்பின் முகத்திற் கொப்புளங்களை உண்டாக்கும். ஈரம் பாலியெஸ்டர்ப் பிசின் செவ்வனே இறுகுதலையும் தடுக்கும். ஆங்காங்கே முகம் பிசுபிசுத்து அச்சோடு ஒட்டும். வார்ப்பு ஒட்டுதற்குப் படலத்தையும் மெழுகையும் குறை கூறுவோர் பலர். உண்மைக் குற்றவாளி பெரும்பாலும் ஈரமே என்பது நம் கருத்து.

உலர்ந்ததா என்பதைக் கையால் தொட்டறிதல் போதாது, தராசே சான்று. 1000 கிராம் பொடியும் 650 கிராம் நீரும் கொண்டு ஆக்கிய அச்சு முதல் நாள் ஏறக்குறைய 1650 கிராம் நிறுக்கும். அதிற் கட்டுண்டு நிற்கும் நீர் ஏறக்குறைய 190 கிராமே ஆதலால், முற்றும் உலர்ந்தபின் 1200 கிராமுக்கு அருகில் வந்து நிற்றல் வேண்டும். நாடோறும் நிறுத்துக் குறித்து, இரண்டு நாள் எடை மாறாதிருப்பின் உலர்ந்தது எனக் கொள்க. விரைவு வேண்டி அடுப்பின் மேலும், கோடை வெயிலில் இரும்புத் தகட்டின் மேலும் வைத்தல் ஆகாது. வெப்பம் 50 பாகையைக் கடந்தாற் கட்டுண்ட நீரும் மெல்ல விடுபடத் தொடங்கி, முகம் பொடிந்து உதிரும். பின்பு எந்த அரக்கும் நில்லாது. நிழலிற் காற்றோட்டமே நலம். நம் நாட்டில் ஓர் இடர்ப்பாடுண்டு. குடில் உருவங்கள் மார்கழியில் வேண்டப்படுவன. அவற்றின் அச்சுகளோ ஐப்பசி கார்த்திகை அடைமழையிற் செய்யப்படுவன. அம்மாதங்களில் அச்சு உலர வாரக் கணக்காகும். ஆவணியிலேயே அச்சைச் செய்து வைப்பது அறிவுடைமை. அது கைகூடாதாயின் மின்விசிறியின் எதிரே வைத்துத் தராசை நம்புதல் வேண்டும்.

உலர்ந்த அச்சின் முகத்தை நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் தூசு போக்கியபின், துளைகளை அடைத்தல் தொடங்கும். இதற்கு மிகச் சிறந்தது அவலரக்கு. மரச்சாமான்களுக்கு மெருகிடுவோர் சாராயத்திற் கரைத்துப் பூசுவதும் இதுவே. அரக்குப் பூச்சி தரும் இப்பொருளை உலகிற்குப் பெரும்பாலும் அளிப்பது நம் தேசமே; 1924ஆம் ஆண்டில் ராஞ்சிக்கருகிலுள்ள நாம்குமில் இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமும் நிறுவப்பட்டது. முதற் பூச்சு மிக நீர்த்ததாயிருத்தல் வேண்டும். அது சாந்தினுள் மளமளவென்று இறங்கி மறையும். அதுவே நாம் விரும்புவது. அடுத்த பூச்சுகள் சிறிது தடித்தவையாய், ஒவ்வொன்றும் உலர்ந்தபின் இடப்படுவன. அச்சைச் சாய்த்து ஒளியிற் பார்த்தால், எங்கும் ஒரே சீரான பளபளப்புத் தோன்றுதல் வேண்டும். ஓரிடம் மங்கித் தோன்றினால் ஆங்கே துளைகள் இன்னும் திறந்துள்ளன. பெரும்பாலும் மூன்று பூச்சு போதும். ஐந்தாறு பூச்சு இட்டால் மேய்ப்பனின் கண்ணிமையும் தாடி மயிரும் அரக்கில் மூழ்கிவிடும். ஓரிரவு கழித்தே மெழுகைத் தொடுக.

சாந்தின் மேற் சாந்தையே வார்ப்பவர் அவலரக்கை விடுத்துப் பொட்டாஷ் சவர்க்காரத்தைப் பூசுதலும் உண்டு. சவர்க்காரம் சாந்திலுள்ள கால்சியத்தோடு கூடி நீரிற் கரையாத ஒரு படிவமாகித் துளைகளை அடைக்கின்றது. சாந்து வார்ப்புக்கு அது தக்கதே; பசைத்தன்மை மிக்க பிசினுக்கு அதனை மட்டும் நம்புதல் துணிகரம்.

அடைத்தபின் பிரித்தல். நம் இலக்கணத்தில் இரண்டு உயிர்கள் அடுத்து வருமிடத்து அவற்றை உடம்படுத்தற்கு இடையே ஒரு மெய் வருகின்றது. ஈண்டோ இரு பொருள்களை உடம்படாது நிறுத்தற்கு இடையே ஒரு படலம் வருகின்றது. தேன்மெழுகோ, பிரேசில் தேசத்துப் பனையொன்றின் இலையினின்றும் எடுக்கப்படும் கார்னாபா மெழுகோ கலந்த அச்சு மெழுகை மென்துணியால் மெல்லியதாய்த் தடவி, சிறிது நேரம் விட்டு, மற்றொரு துணியால் தேய்த்துப் பளபளப்பாக்குதல் வேண்டும். புதிய அச்சுக்கு நான்கைந்து முறை இவ்வாறு செய்க. மெழுகைத் தடிப்பாய் ஒரே முறை அப்புவது பயனற்றது. தேய்த்து எஞ்சும் மெல்லிய படலமே வேலை செய்வது. அதன் மேற் பாலிவினைல் ஆல்கஹால் என்னும் நீரிற் கரையும் பொருளைப் பூசி உலர்த்தினால், மெல்லிய தாள் போன்ற தனிப் படலம் உண்டாகும். பாலியெஸ்டர்ப் பிசினிலுள்ள ஸ்டைரீன் என்னும் கரைப்பான் மெழுகை ஓரளவு இளக்கவல்லது. இப்படலத்தையோ அஃது ஒன்றும் செய்யாது. மெழுகின் மேல் இந்நீர்மம் துளித்துளியாய்ப் பிரிந்து நிற்குமாயின், முதலிற் பஞ்சால் மெல்லிய ஒற்றுப் பூச்சிட்டு, அஃது உலர்ந்தபின் மறுபூச்சு இடுக.

கடைகளிற் சிலிக்கான் எண்ணெயைப் புகைபோல் தெளிக்கும் குப்பிகளும் கிடைக்கின்றன. எளிமையானவையே; ஆயினும் வர்ணந் தீட்ட வேண்டிய உருவத்திற்கு அவை ஆகா. அவ்வெண்ணெய் வார்ப்பின் முகத்திலும் தங்கி வர்ணத்தை ஏற்கவொட்டாது தள்ளும். மெழுகும் வர்ணத்திற்குப் பகையே எனினும், அதனைக் கழுவி நீக்கலாம்.

வார்க்கும்பொழுது எண்ணவேண்டியது வெப்பம். அவலரக்கு ஏறக்குறைய 75 பாகையில் இளகும். பிசினைத் தடிப்பாய் ஒரே முறை ஊற்றினால், அதன் நடுவில் வெப்பம் 100 பாகையைக் கடத்தலும் உண்டு. சாந்தோ வெப்பத்தை எளிதில் வெளிவிடாத பொருள். அப்பொழுது நாம் பாடுபட்டு இட்ட அரக்கே உருகிப் பசையாகும். ஆதலின் தடித்த உருவங்களைப் பல அடுக்குகளாய், ஒவ்வோர் அடுக்கும் சூடு தணிந்தபின், வார்த்தல் வேண்டும். கையுறை அணிதலும், காற்றோட்டமான இடத்திற் செய்தலும் விளையாட்டாய்க் கருதற்பாலனவல்ல. எபாக்சி சிலர்க்குத் தோலில் நீங்காத ஒவ்வாமையை விளைவிக்கும்.

பிசின் தொடுவதற்குக் கடினமாய்த் தோன்றியவுடன் பிரிக்க முயலற்க. அகத்தே அது இன்னும் மெதுவாய் இறுகிச் சுருங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் கழித்து, அச்சின் விளிம்பில் மர ஆப்புகளை எதிரெதிராய் வைத்து மெல்ல நெருக்குக. இரும்பு ஆப்பு சாந்தைப் பிளக்கும். விளிம்பில் ஒரு சிறு வெண்கோடு தோன்றிப் பரவுமாயின் அதுவே காற்றுப் புகுந்ததற்கு அடையாளம். அவ்விடத்தில் வெதுவெதுப்பான நீரைச் சிறிது விட்டால், நீரிற் கரையும் படலம் கரைந்து வழி திறக்கும். மீண்டும் பயன்படுத்த வேண்டிய அச்சில் நீரைச் சிக்கனமாய் விடுக. இல்லையேல் மறுபடியும் தராசைத் தேட நேரும்.

இக்காலத்தில் வார்ப்போர் பெரும்பாலும் சிலிக்கான் ரப்பர் அச்சையே விரும்புகின்றனர். அது வளைந்து கொடுப்பதாதலின் உட்குடைவுகளும் இடராவதில்லை. பிசினும் அதனோடு ஒட்டுவதில்லை. ஆயினும் அதன் விலை சாந்தின் விலையைப் போலப் பன்மடங்கு. பெரிய உருவமொன்றுக்கு முழுதும் ரப்பராலே அச்சிடுதல் பள்ளிகளுக்கும் சிறு பட்டறைகளுக்கும் இயலாது. அவ்வாறு இடுவோரும் ரப்பரைத் தாங்குதற்கு வெளியே சாந்துக் கூடு கட்டவே செய்கின்றனர். நன்கு அடைத்து, ஒவ்வொரு வார்ப்புக்கு முன்னும் மெழுகும் படலமும் புதுப்பித்த சாந்தச்சு பல வார்ப்புகளைத் தாங்கும். முதலில் தேய்வன விளிம்பும் மூக்கு நுனியுமே. ஆங்கே அரக்கு உரிந்து வெண்மை தோன்றுமாயின், அவ்விடத்தை மட்டும் உலர்த்தி மீண்டும் அரக்கிட்ட பின்னரே அடுத்த வார்ப்புக்குக் கை வைத்தல் வேண்டும்.